கோவையிலிருந்து கவுகாத்திக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் விமான டிக்கெட் எடுத்துக் கொடுப்பது என் தொழில். பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் அசாம் தொழிலாளர்கள், குன்னூரிலிருந்து தேயிலை விஷயமாகப் போகிறவர்கள், காமாக்யா கோயிலுக்குப் புறப்படும் குடும்பங்கள் என்று கவுகாத்திக்கு ஆள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் கேட்கும் சந்தேகங்களும் பெரும்பாலும் ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

அண்ணா, கோயம்புத்தூரிலிருந்து கவுகாத்தி எத்தனை கிலோமீட்டர்?

பீளமேடு விமான நிலையத்திலிருந்து கவுகாத்தியின் போர்ஜார் விமான நிலையத்துக்கு ஆகாய வழித் தூரம் ஏறத்தாழ 2,270 கிலோமீட்டர். விமானிகள் கணக்கிடும் கடல் மைலில் சொன்னால் 1,225க்குச் சற்று நெருக்கம். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர்.

உலக உருண்டையில் ஒரு நூலை எடுத்து இரண்டு ஊர்களுக்கும் நடுவே இழுத்துப் பிடித்தால் எந்தப் பாதையில் படிகிறதோ அந்தப் பாதையின் நீளம் இது. அந்த நூல் சித்தூர்ப் பக்கமாக ஏறி, மசூலிப்பட்டினத்துக்கு அருகில் ஆந்திரக் கடற்கரையைத் தொட்டு, விசாகப்பட்டினத்தையும் புவனேஸ்வரத்தையும் ஒட்டிச் சென்று, கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் வங்கதேசத்துக்குள் நுழைந்து, மேகாலயாவின் காரோ மலைகளைத் தாண்டிக் கவுகாத்தியில் முடியும். விமானம் இதே கோட்டில் அச்சுப் பிசகாமல் பறக்காது. வானத்திலும் வகுக்கப்பட்ட வழித்தடங்கள் உண்டு. மேகக் கூட்டத்தைச் சுற்றிப் போவதும் உண்டு. அதனால் பறக்கும் தூரம் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

என் மச்சான் 3,000 கிலோமீட்டர் என்கிறானே?

அவர் ரயில் தூரத்தைச் சொல்கிறார். கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் கோவை வழியாகத்தான் போகிறது. அதில் ஏறிக் கவுகாத்தியில் இறங்கினால் தண்டவாளத்தில் 3,000 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். ரயில் ஊர் ஊராக வளைந்து போகவேண்டும். வங்கதேசத்துக்குள் நுழையாமல், சிலிகுரிக்கு அருகிலுள்ள குறுகிய நிலப்பகுதியைச் சுற்றிக்கொண்டும் போகவேண்டும். விமானம் வங்கதேச வானத்தின் வழியே குறுக்கே போய்விடும். வித்தியாசத்தில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது.

பறக்கும் நேரம் மட்டும் எவ்வளவு?

நடுத்தர ஜெட் விமானம் உயரத்துக்குப் போனபிறகு மணிக்கு 800 முதல் 850 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் வேகம் குறையும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், நிற்காமல் போகிற விமானத்துக்கு வானத்தில் சுமார் மூன்று மணி நேரம். ஓடுபாதைக்கு நகர்ந்து போவது, இறங்கியபின் நிறுத்துமிடத்துக்கு வருவது எல்லாம் சேர்த்து மூன்றேகால் மணி என்று வையுங்கள்.

ஆனால் கோவையிலிருந்து கவுகாத்தி போகிறவர்கள் வழக்கமாக நடுவில் ஓர் ஊரில் இறங்கி மாறித்தான் போகிறார்கள். அதனால் இந்த மூன்றேகால் மணியை நம்பி, அங்கே யாரையும் விமான நிலையத்துக்கு வரச் சொல்லிவிடாதீர்கள். பொழுது கழிவதெல்லாம் தரையில்தான்.

எந்த ஊர் வழியாகப் போனால் தூரம் குறைவு?

இந்தக் கேள்விக்கு வரைபடத்தை எடுத்துக் காட்டித்தான் பதில் சொல்வேன், ஏனென்றால் பதிலை யாரும் எளிதில் நம்புவதில்லை. சென்னை வழியாகப் போனால் கோவை–சென்னை சுமார் 405, சென்னை–கவுகாத்தி சுமார் 1,885, ஆக 2,290 கிலோமீட்டர். பெங்களூரு வழியாகப் போனால் 250ம் 2,040ம் சேர்ந்து அதே 2,290. நேர்க்கோட்டுக்குக் கிழக்கே சென்னையும் மேற்கே பெங்களூருவும் தலா நூறு கிலோமீட்டர் அளவில் விலகியிருக்கின்றன. அதனால் எதன் வழியாகப் போனாலும் கூடுதல் இருபது இருபத்தைந்து கிலோமீட்டர்தான். விமானத்துக்கு அது இரண்டு நிமிடம்.

கொல்கத்தா இன்னும் நெருக்கம், ஏறக்குறைய கோட்டின்மேலேயே இருக்கிறது. கோவையிலிருந்து 1,770, அங்கிருந்து கவுகாத்தி 500. ஹைதராபாத் வழியாகப் போனால் மொத்தம் 2,380. மும்பை வழியாக 3,070. டெல்லி வழியாக 3,400. அதாவது ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சுற்று.

அப்படியானால் ஒரே பயணத்துக்கு ஒரு டிக்கெட்டில் ஐந்தரை மணி, இன்னொன்றில் பதினான்கு மணி என்று போட்டிருக்கிறதே, எப்படி?

இடைநிறுத்தம்தான் காரணம். சென்னை வழியை எடுத்துக்கொள்ளுங்கள். கோவை–சென்னை டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரத்துக்குள், சென்னை–கவுகாத்தி மூன்று மணி நேரத்துக்குள். இரண்டும் சேர்ந்து நான்கேகால் மணி. மீதி எல்லாம் சென்னையில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நேரம். முதல் விமானம் காலையில் இறங்கி அடுத்தது மாலையில் கிளம்பினால் நாள் முழுக்க அங்கேயேதான்.

அதனால் டிக்கெட் பார்க்கும்போது மொத்த நேரத்தை முதலில் பாருங்கள். அடுத்து இடைநிறுத்தம் எத்தனை மணி என்று பாருங்கள். எந்த ஊர் என்பதைக் கடைசியில் பாருங்கள். சென்னையில் ஆறு மணி நேரம் காத்திருப்பதைவிட ஹைதராபாத்தில் ஒன்றரை மணி நேரத்தில் மாறுவது நல்லது. தூரம் தொண்ணூறு கிலோமீட்டர் கூடினாலும் வீட்டுக்கு முன்னதாகப் போய்விடலாம்.

இன்னொன்று: போன முறை கிடைத்த இணைப்பு இந்த முறையும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் விமான அட்டவணை மாறும் நாட்கள். அந்தச் சமயத்தில் ஏற்கெனவே எடுத்த டிக்கெட்டின் நேரமே மாறலாம். பதிவு செய்த கைபேசிக்கு வரும் செய்தியைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

டெல்லி வழியாக டிக்கெட் விலை குறைவாக இருக்கிறது. எடுக்கலாமா?

எடுக்கலாம், இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு. முதலாவது, மேலே சொன்ன சுற்று. கூடுதல் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டருக்குப் பறப்பதிலேயே ஒன்றரை மணி நேரம் போகும். இரண்டாவது, மூடுபனி. டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி முழுக்க டெல்லியில் காலை விமானங்கள் தாமதமாவது வழக்கமான செய்தி. பொங்கல் சமயத்தில் டெல்லி வழியாக, அதுவும் காலை நேர இணைப்பாக எடுக்கவேண்டாம் என்றுதான் நான் எப்போதும் சொல்கிறேன்.

டெல்லியில் முதல் முனையம் மற்ற இரண்டிலிருந்தும் தள்ளி இருக்கிறது. ஒன்றில் இறங்கி இன்னொன்றில் ஏறவேண்டுமானால் வெளியே வந்து வாகனத்தில் போகவேண்டும். டிக்கெட்டில் முனையத்தின் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். சென்னையிலும் பெங்களூருவிலும்கூட உள்நாட்டு விமானங்களுக்கு இரண்டு முனையங்கள் உண்டு, ஆனால் அவை அவ்வளவு விலகி இல்லை.

மாறுவதற்கு எவ்வளவு நேரம் இருந்தால் போதும்?

ஒரே பி.என்.ஆர். எண்ணில், ஒரே நிறுவனத்தில் எடுத்த டிக்கெட் என்றால் ஒன்றரை மணி நேரம் நிம்மதியான இடைவெளி. கோவையில் ஒப்படைத்த பெட்டி கவுகாத்தியில்தான் கைக்கு வரும், நடுவில் தூக்கத் தேவையில்லை. முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், அடுத்து இருக்கும் விமானத்தில் இடம் கொடுப்பது நிறுவனத்தின் பொறுப்பு.

இரண்டு தனித்தனி டிக்கெட் என்றால் கதை வேறு. சில நூறு ரூபாய் மிச்சமாகிறது என்று பலரும் இப்படி எடுக்கிறார்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு அதில் எந்தப் பொறுப்பும் இல்லை. நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். பெட்டியையும் நீங்களே எடுத்துக்கொண்டு வெளியே வந்து, மறுபடி வரிசையில் நின்று, பாதுகாப்புச் சோதனை முடித்து உள்ளே போகவேண்டும். பெட்டி ஒப்படைக்கும் முகப்பு, விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போதே மூடப்படும். அதனால் தனித்தனி டிக்கெட்டுக்குக் குறைந்தது நான்கு மணி நேரம் இடைவெளி வையுங்கள். வயதானவர்களுக்கும் முதல்முறை பறப்பவர்களுக்கும் தனித்தனி டிக்கெட்டே வேண்டாம்.

கோவையில் கிளம்பியதும் விமானம் பாலக்காட்டுப் பக்கம் போனது. வடகிழக்கே போகவேண்டியது ஏன் தென்மேற்கே போகிறது?

காற்றுதான் காரணம். விமானம் எதிர்க்காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு எழும்பினால்தான் குறைந்த ஓட்டத்தில் தூக்கும் விசை கிடைக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று நம் ஊருக்கு எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆடி மாதம் பீளமேட்டில் நின்றாலே புரியும். அந்தக் காலத்தில் விமானம் தென்மேற்கு நோக்கி எழும்பி, பிறகு திரும்பிப் போகும். அதற்குச் சில நிமிடம் கூடும்.

கோவை ஓடுபாதை கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர் நீளம். ஒரு முனையில் 05 என்றும் மறுமுனையில் 23 என்றும் எழுதியிருக்கும். திசைகாட்டியில் 50 பாகை, 230 பாகை என்பதன் சுருக்கம் அது. கவுகாத்திக்குப் போகவேண்டிய திசை ஏறத்தாழ 40 பாகை. காற்று கிழக்கிலிருந்து வரும் நாட்களில் 05 பக்கமாக ஓடி எழும்பும் விமானத்தின் மூக்கு, தரையை விடும்போதே கவுகாத்தியைப் பார்த்தபடிதான் இருக்கும்.

போகும்போது சீக்கிரம் போய்விட்டது, திரும்பும்போது ஏன் நேரம் கூடுகிறது?

இதற்கும் காற்றுதான். குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கு மேலே, விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு வேகமான காற்றோட்டம் இருக்கும். வடகிழக்கே போகும் விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளும். திரும்பும்போது எதிரே நிற்கும். மழைக்காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே இதற்கு நேர்மாறாகக் கிழக்கிலிருந்து மேற்காக ஓர் உயர்காற்று வீசும், ஆனால் அதன் உச்ச வேகம் விமானங்கள் வழக்கமாகப் பறப்பதைவிட மேலே. ஆகவே வித்தியாசம் குளிர்காலத்தில்தான் நன்றாகத் தெரியும், அதுவும் சில நிமிடம் முதல் கால் மணி வரை.

டிக்கெட்டில் போட்ட நேரத்துக்கு முன்னாலேயே இறங்கிவிடுகிறதே, வேகமாக ஓட்டுகிறார்களா?

இல்லை. டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டும் அல்ல. நின்ற இடத்திலிருந்து சக்கரம் நகர்வது முதல் சேருமிடத்தில் நிற்பது வரைக்கும் உள்ள நேரம் அது. ஓடுபாதைக்காகக் காத்திருப்பது, வானத்தில் வட்டமடிப்பது ஆகியவற்றுக்கும் அதில் இடம் விட்டிருப்பார்கள். அவை இல்லாத நாளில் பதினைந்து நிமிடம் முன்னதாகவே வந்துவிடும்.

ஈரோட்டிலிருந்து கோவைக்கு வருவதா, சேலம் போவதா? கரூர்க்காரர்கள் திருச்சி போகலாமா?

ஈரோட்டுக்குக் கோவைதான் சரி. பீளமேடு விமான நிலையம் அவிநாசி சாலைப் பக்கம் இருப்பதால் திருப்பூர், ஈரோட்டிலிருந்து வருகிறவர்கள் நகருக்குள் நுழையாமலே சித்ரா நிறுத்தத்தில் திரும்பிவிடலாம். திருப்பூரிலிருந்து ஒரு மணி நேரம், ஈரோட்டிலிருந்து இரண்டு மணி நேரம் வையுங்கள். உதகையிலிருந்து வருகிறவர்கள் தூரத்தை மறந்துவிடுங்கள். கோடை சீசனில் மலைப்பாதையும் மேட்டுப்பாளையமும் சேர்ந்து நான்கு மணி நேரம்கூட வாங்கிவிடும்.

சேலம் விமான நிலையம் ஓமலூர் அருகே காமலாபுரத்தில் இருக்கிறது. அங்கே வருவது சிறிய ஏ.டி.ஆர். விமானங்கள், வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவுதான். வேகம் ஒரு குறையே அல்ல, குறுகிய தூரத்துக்குப் பத்து இருபது நிமிட வித்தியாசம்தான். ஆனால் நாளொன்றுக்குச் சில விமானங்களே இருப்பதால் கவுகாத்திக்கு நல்ல இணைப்பு அமைவது கடினம். அமைந்தால் சேலம், நாமக்கல்காரர்களுக்கு அதைவிட வசதி இல்லை. கரூரிலிருந்து கோவையைவிடத் திருச்சி பக்கம். திருச்சியிலிருந்து சென்னையோ பெங்களூருவோ வழியாகப் பாருங்கள். காரில் பெங்களூரு போய் ஏறலாம் என்கிறவர்களுக்கு ஒன்று: தேவனஹள்ளி விமான நிலையம் நகரத்துக்கு அந்தப் புறம், வடக்கே இருக்கிறது.

மாலை ஐந்து மணிக்கு இறங்கினேன், இருட்டிவிட்டது. அங்கே நேரம் வேறா?

கடிகார நேரம் நம்முடையதேதான், மாற்றவேண்டாம். ஆனால் கவுகாத்தி நமக்குப் பதினான்கரைப் பாகை கிழக்கே இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கில் சூரியன் அங்கே ஒரு மணி நேரம் முந்திக்கொள்கிறது. டிசம்பரில் நான்கரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடும், கோவையில் ஆறு மணி. ஜூனில் அங்கே காலை நான்கரைக்கே விடிந்துவிடும். அசாம் தேயிலைத் தோட்டங்களில் இதற்காகவே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைத்து வேலை பார்க்கும் வழக்கம் ஆங்கிலேயர் காலத்திலிருந்து இருக்கிறது. தேயிலை விஷயமாகப் போகிறவர்கள் ‘காலை எட்டு மணி’ என்று தோட்டத்தில் சொன்னால், எந்த எட்டு மணி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆகையால் குளிர்காலத்தில் கவுகாத்தியிலிருந்து மேலும் சாலையில் போகவேண்டியவர்கள் மதியம் இரண்டு மணிக்குள் இறங்கும்படி டிக்கெட் எடுங்கள். ஷில்லாங் போகிறவர்களுக்கு மலைச் சாலையில் மூன்று மணி நேரம் ஆகும், பகலில் போவதே நல்லது.

எந்தப் பக்கம் ஜன்னல் கேட்க?

போகும்போது இடது பக்கம். குளிர்காலத்தில் வானம் தெளிந்திருந்தால், கவுகாத்தியை நெருங்கும்போது வடக்கே பனிமலைத் தொடர் வெள்ளை விளிம்பாகத் தெரியும். கீழே பிரம்மபுத்திரா பல கிளைகளாகப் பிரிந்து மணல் திட்டுகளுக்கு நடுவே ஓடும். பவானியையும் நொய்யலையும் பார்த்து வளர்ந்த நமக்கு அது ஒரே ஆறு என்று மனம் ஒப்புக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடிக்கும். மார்ச் முதல் மே வரை மாலை வேளையில் அங்கே இடியோடு புயற்காற்று அடிக்கும். காட்சியும் இருக்காது, ஆட்டமும் இருக்கும். அந்த மாதங்களில் காலை விமானம் பாருங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து கொப்பரை கொண்டுபோகலாமா?

காய்ந்த கொப்பரைக்கு அனுமதி இல்லை. எண்ணெய்ச் சத்து மிகுந்தது, தானே சூடேறும் தன்மை உள்ளது என்பதால் தடுக்கிறார்கள். சோதனையில் தெரிந்தால் பெட்டியைத் திறக்க உங்களைத் திரும்ப அழைப்பார்கள், நேரம் வீணாகும். பவர் பேங்க்கையும் பெட்டியில் வைக்கக்கூடாது, அது கைப்பையில்தான் இருக்கவேண்டும்.

எங்கள் கம்பெனியில் வேலை பார்க்கும் அசாம் பையனின் அப்பா இறந்துவிட்டார். இன்றே அனுப்பினால் எப்போது வீடு போய்ச் சேருவான்?

இந்தக் கேள்வி வரும்போது மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு இதைத்தான் பார்ப்பேன். முதலில் அவர் எந்த மாவட்டம் என்று கேளுங்கள். அசாம் என்றதும் கவுகாத்திக்கு எடுத்துவிடாதீர்கள். அசாமின் தென்பகுதியான பராக் பள்ளத்தாக்குக்காரர் என்றால் சில்சாரில் விமான நிலையம் இருக்கிறது. கவுகாத்தியில் இறங்கினால் மேகாலயா மலை வழியாக 300 கிலோமீட்டருக்கு மேல் சாலைப் பயணம். மேல் அசாம், அதாவது கிழக்குப் பகுதி என்றால் திப்ருகர், ஜோர்ஹாட் உண்டு. கவுகாத்தியிலிருந்து திப்ருகர் 400 கிலோமீட்டருக்கு மேல். கூச் பிஹார், அலிப்பூர்துவார் என்று சொன்னால் அது மேற்கு வங்கம், பாக்டோக்ரா விமான நிலையத்தைப் பாருங்கள்.

கோவையில் காலை விமானம் பிடித்தால் நல்ல இணைப்பில் மாலைக்குள் கவுகாத்தி. மதியத்துக்குமேல் கிளம்பினால் இரவு நடுவூரில் தங்கி மறுநாள் காலைதான். அந்த நிலைமையில் கோவையிலிருந்தே தொடங்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரவு ரயிலில் சென்னைக்கு அனுப்பி, அங்கிருந்து காலை நேரடி விமானம் கிடைக்கிறதா என்றும் பாருங்கள். ஒரே விமானம், மாறும் பதற்றம் இல்லை. முழுக்க ரயிலில் என்றால் இரண்டு நாளுக்கு மேல். இறுதிச் சடங்கைப் பார்க்க முடியாது.

தனித்தனி டிக்கெட் வேண்டாம் என்று மேலே சொன்னது இங்கே இரண்டு மடங்கு பொருந்தும். முதல்முறை பறப்பவராகவும் இருப்பார், மனமும் நிலையில் இருக்காது. டிக்கெட்டில் பெயர் அவருடைய ஆதார் அட்டையில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கவேண்டும். கம்பெனிப் பதிவேட்டில் நாம் கூப்பிடுகிற பெயரை வைத்து எடுத்துவிட்டு வாசலில் தடுமாறியவர்கள் உண்டு. ஆறு மணி நேரத்துக்குமேல் தாமதமாகும் என்றால் வேறு விமானமோ முழுப் பணமோ கேட்கலாம் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. அதை அவருக்காக நீங்கள்தான் பேசிக் கேட்கவேண்டியிருக்கும். இரண்டு விமானங்களின் எண், மாறவேண்டிய ஊர், முனையம், உங்கள் கைபேசி எண் ஆகியவற்றை அவர் படிக்கும் மொழியில், அவருடைய ஊர்க்கார நண்பர் ஒருவரைக்கொண்டு ஒரு தாளில் எழுதச் சொல்லி, சட்டைப்பையில் வைத்து அனுப்புங்கள். பீளமேட்டில் பெட்டி ஒப்படைக்கும் முகப்பிலேயே ‘இவர் முதல்முறை போகிறார், நடுவூரில் வழிகாட்ட ஆள் வேண்டும்’ என்று கேட்டால் ஏற்பாடு செய்வார்கள். அதைக் கேட்க ஒருவர் அவரோடு விமான நிலையம் வரை கட்டாயம் போகவேண்டும்.